வில்லோ இலையில் சிவப்பு முடிச்சு: கட்டுவது தாயா, புழுவா? சென்னையில் இதை எதை வைத்துச் செய்து பார்ப்பது?

#1 அம்பத்தூர்_விலங்கியல்

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்ஸி. விலங்கியல் செமினாருக்கு "வில்லோவில் இலைமுடிச்சு கட்டும் ரம்ப ஈ" என்ற தலைப்பு வந்திருக்கு. (முடிச்சுன்னா பூச்சியால செடித் திசு வீங்குறது, gall; ரம்ப ஈன்னா குளவி, தேனீ வரிசையில் வர்ற sawfly.) சென்னையில் வில்லோ (சாலிக்ஸ்) மரம் கிடையாது. பர்மிங்ஹாமில் இருக்கிற மாமா கால்வாய் ஓர மரத்தில் படம் எடுத்து அனுப்பியிருக்கார்.

இலை குறுகலா, நீளமா, ஓரத்தில் நுண்ணிய பற்களோட இருக்கு. நடுநரம்புக்கு ரெண்டு பக்கமும் அவரை விதை மாதிரி சிவப்பு வீக்கங்கள், ஒரு இலையில் ஆறு வரைக்கும். மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் புடைச்சிருக்கு. பக்கத்தில் வெச்ச காசோட ஒப்பிட்டா ஒவ்வொண்ணும் சுமார் 1 செ.மீ. ரெண்டு முடிச்சில் மட்டும் கீழ்ப்பக்கம் சின்னத் துளை.

தெரிய வேண்டியது: இது எந்த இனம்? முடிச்சை உண்டாக்குவது முட்டையிடும் தாயா, உள்ளே தின்னும் புழுவா? மாமாவை நாலு இலை கூரியரில் அனுப்பச் சொல்லலாமா? முடியாதுன்னா, செய்முறைக்கு இங்க எந்த மரத்தை எடுத்துக்கலாம்?

#2 இலைமுடிச்சு_ஏடு

யூரா ப்ராக்ஸிமா என்று எழுதலாம், ஒரு நிபந்தனையோடு. மரம் சாலிக்ஸ் ஆல்பா, சாலிக்ஸ் ஃப்ராஜிலிஸ், அல்லது இரண்டின் கலப்பு என்பது உறுதியாக வேண்டும். வில்லோ முடிச்சில் பாதி வேலை மரத்தை அடையாளம் காண்பதுதான். இந்தக் கூட்டத்தில் பெரும்பாலான இனங்கள் ஒன்றிரண்டு வில்லோ வகைகளை விட்டு வெளியே போவதில்லை. மரம் தெரியாமல் முடிச்சின் படத்தை மட்டும் வைத்துப் பெயர் சொன்னால் அது ஊகம்.

மாமாவிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். இலையின் அடிப்பக்கம் பட்டுப்போல வெண்முடி படர்ந்திருக்கிறதா? இருந்தால் ஆல்பா பக்கம் சாயலாம். ஒரு வருடக் கிளையை அடியில் பிடித்துப் பின்பக்கமாக வளைத்தால் சட்டென்று சத்தத்தோடு ஒடிகிறதா? அது ஃப்ராஜிலிஸின் குணம். இரண்டிலும் அரைகுறையாக இருந்தால் கலப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்; அந்த ஊர்க் கால்வாய் ஓரங்களில் கலப்புதான் நிறைய.

இனி, குழப்பக்கூடிய மற்றவை. முடிச்சு உருண்டையாக, பட்டாணி அளவில், இலையின் அடிப்பக்கம் மட்டும் தொங்கினால் அது ப்ராக்ஸிமா இல்லை. சாலிக்ஸ் பர்ப்யூரியாவில் அப்படி இருந்தால் யூரா விமினாலிஸ். அகன்ற இலை கொண்ட சாலிக்ஸ் காப்ரியா, சினேரியாவில் அதே உருண்டை முடியோடு இருந்தால் யூரா பெடங்குலி. நடுநரம்பை ஒட்டி நீளமான குழல்கள் ஜோடி ஜோடியாக வந்தால் யூரா டோலிக்யூரா கூட்டம். 1, 2 மி.மீ. அளவில் இலை முழுக்கத் தூவியது போல மணிமணியாக இருந்தால் பூச்சியே இல்லை, ஈரியோஃபிட் சிலந்திப்பேன் (mite). நம் தென்னையில் காய்த் தோலைச் சொறியாக்கும் சிலந்திப்பேனின் சொந்தக்காரர்தான்.

உங்கள் படத்தில் உள்ளது இரண்டு பக்கமும் புடைத்து, நடுநரம்புக்கும் இலை ஓரத்துக்கும் நடுவில், தடித்த சுவரோடு இருக்கிறது. ப்ராக்ஸிமாவுக்கு எல்லாம் பொருந்துகிறது.

#3 ரம்பப்பல்

துளையைப் பற்றி யாரும் சொல்லலையே. இந்த இனத்துப் புழு கொஞ்சம் வளர்ந்ததும் சுவரில் ஓட்டை போட்டு எச்சத்தை வெளியே தள்ளும். அதனால துளை இருந்தாலே "புழு போயிடுச்சு" என்று முடிவு கட்டக் கூடாது. துளை இருக்கிற முடிச்சைத்தான் முதலில் திறக்கணும், பெரிய புழு அதில்தான் கிடைக்கும். துளை இல்லாததில் முட்டையோ இளம்புழுவோ இருக்கும், இல்லைன்னா ஒட்டுண்ணி.

முழுசா வளர்ந்த புழு வெளியேறி மண்ணிலோ சருகிலோ பட்டை இடுக்கிலோ கூடு கட்டும். முடிச்சுக்குள்ளேயே கூட்டுப்புழு ஆகாது. வளர்க்க நினைக்கிறவங்க இதை மறந்தால் பெட்டியின் அடியில் காய்ந்த புழுதான் கிடைக்கும்.

#4 தாம்பரம்_பூச்சிப்பெட்டி

எங்க துறை நூலகத்தில் இருக்கிற பழைய கட்டுரைகள் எல்லாம் போன்டானியா ப்ராக்ஸிமான்னு சொல்லுது. யூரா எங்கிருந்து வந்தது? செமினாரில் எதைப் போடணும்?

#5 இலைமுடிச்சு_ஏடு

இரண்டும் ஒரே பூச்சிதான். 1823-இல் செர்வில் விவரித்தபோது நெமாட்டஸ் பேரினத்தில் வைத்தார். பிறகு இலையில் மூடிய முடிச்சு கட்டுபவை போன்டானியா, இலையை மடிப்பவை ஃபில்லோகால்ப்பா, தண்டிலும் மொட்டிலும் கட்டுபவை யூரா என்று பிரித்திருந்தார்கள். 2014-இல் நெமாட்டினே துணைக்குடும்பப் பேரினங்களை மறுபடி சீரமைத்தபோது இவை எல்லாம் யூராவுக்குள் போயின. முதல் ஸ்லைடில் "யூரா ப்ராக்ஸிமா, முன்பு போன்டானியா ப்ராக்ஸிமா" என்று ஒரு வரி போடுங்கள். தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள். புதுப் பெயரை மட்டும் தேடினால் 2014-க்கு முந்தைய உடற்கூறு வேலை முழுக்கக் கைநழுவும்.

#6 ரம்பப்பல்

பெயர் விஷயத்தில் இன்னொரு பள்ளம். வெறும் "ப்ராக்ஸிமா, ரம்ப ஈ, இந்தியா" என்று தேடினால் வந்து விழுவது எல்லாம் அதாலியா ப்ராக்ஸிமா, அதாவது கடுகு ரம்ப ஈ. கடுகு, முள்ளங்கி இலையைத் திறந்தவெளியில் தின்னும் கறுப்புப் புழு. அதுக்கும் முடிச்சுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் செமினாருக்கு அது உதவும், ஏன்னா ரம்ப ஈப் புழு எப்படி இருக்கும்னு காட்ட நம்ம பக்கம் கிடைக்கிறது அதுதான்.

கால் எண்ணுங்க. மார்பில் 3 ஜோடி எல்லாத்துக்கும் பொது. வயிற்றில் அதாலியாவுக்கு 8 ஜோடி பொய்க்கால். யூரா சேர்ந்த நெமாட்டினேக்கு 7 ஜோடி. முடிச்சுக்குள் வாழ்றதால அவை குட்டையா இருக்கும், சாய்வா வெளிச்சம் அடிச்சாதான் தெரியும். அந்துப்பூச்சிப் புழுவில் 5 ஜோடிக்கு மேல் போகாது. அதோட அந்துப்பூச்சிப் புழுவின் பொய்க்கால் அடியில் கொக்கிகள் இருக்கும், ரம்ப ஈயில் இருக்காது. தலையில் பக்கத்துக்கு ஒரே ஒரு கண்புள்ளிதான். அந்துப்பூச்சிப் புழுவில் சாதாரணமா ஆறு. கால், கொக்கி, கண் மூணையும் பார்த்துட்டா வாதமே தேவையில்லை.

#7 மைக்ரோடோம்_மயிலாப்பூர்

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். செமினாரின் உயிரே அதில்தான் இருக்கிறது.

முடிச்சு கட்டும் பூச்சிகளில் பெரும்பாலானவற்றில் வேலையை நடத்துவது புழு. முடிச்சு ஈக்களில் (gall midge, இவை உண்மையான ஈக்கள்) புழு செத்தால் முடிச்சின் வளர்ச்சி அதோடு நிற்கும். சைனிபிட் குளவிகளிலும் வளர்ச்சியை இழுத்துக்கொண்டு போவது புழுதான். வில்லோ ரம்ப ஈ இந்த வரிசையில் சேராது. பெண் பூச்சி ரம்பம் போன்ற முட்டையிடும் உறுப்பால் விரியாத இளம் இலையைக் கீறி, முட்டையோடு துணைச் சுரப்பியின் திரவத்தையும் உள்ளே விடுகிறது. திசு பெருக ஆரம்பிப்பது அப்போதே. முட்டை பொரிவதற்குள் முடிச்சு கிட்டத்தட்ட முழு அளவை எட்டிவிடும். புழு கண் திறக்கும்போது வீடு, சாப்பாடு இரண்டும் தயார்.

பையரிங்க் 1888-இலேயே இதைச் சோதித்தார். வில்லோவில் இட்ட முட்டையைக் கொன்ற பிறகும் முடிச்சு வளர்ந்தது. (பத்து வருடம் கழித்து புகையிலைத் தேமல் நோயில் வைரஸ் கருத்தை முன்வைத்தாரே, அதே பையரிங்க்.) 1960-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் போன்டானியா பசிஃபிக்காவின் துணைச் சுரப்பியைப் பகுத்தபோது யூரிக் அமிலம், அடினின் சார்ந்த பொருட்கள், குளுட்டமிக் அமிலம் கிடைத்தன. செல் பிரிவைத் தூண்டும் தாவர ஹார்மோன்களான சைட்டோகைனின்கள் அடினின் சார்ந்தவை என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

ஆகவே பதில்: தாய்.

#8 அடையாறு_கொப்புளம்

மயிலாப்பூர் மேடம், "தாய்" என்று ஒரே சொல்லில் முடிப்பதை நான் ஏற்கவில்லை. 2012-இல் ஜப்பானியக் குழு ஒன்று போன்டானியா புழுவின் உடலிலேயே ஆக்ஸினும் (இதுவும் தாவர ஹார்மோன்) சைட்டோகைனினும் மிக அதிக செறிவில் இருப்பதைக் காட்டியது. டிரிப்டோஃபேனிலிருந்து ஆக்ஸினைத் தானே தயாரிக்கவும் இந்தப் பூச்சியால் முடிகிறது. முடிச்சு தன் அளவை அடைந்துவிட்டால் புழுவுக்கு அந்தச் சரக்கு எதற்கு? தின்னத் தின்ன உட்சுவர்த் திசு புதுப்பிக்கப்பட வேண்டும், வாரக்கணக்கில் முடிச்சு பச்சையாக உயிரோடு இருக்க வேண்டும். தொடங்கிவைப்பது தாய் என்பது சரி. கடைசிவரை பராமரிப்பதில் புழுவுக்குப் பங்கில்லை என்று அதிலிருந்து வராது.

#9 மைக்ரோடோம்_மயிலாப்பூர்

அது நியாயம். ஸ்லைடில் இரண்டு கட்டமாகப் பிரித்துக் காட்டட்டும்: தொடக்கமும் பருத்தலும் முட்டையிடும் திரவத்தால், பிந்தைய பராமரிப்பில் புழுவின் ஹார்மோன்கள். ஆனால் தேர்வாளர் "முட்டை செத்தால் என்ன ஆகும்?" என்று கேட்டால் "முடிச்சு வராது" என்று சொல்லிவிடக் கூடாது. முடிச்சு ஈயைப் படித்துவிட்டு வருகிறவர்கள் பழக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

இதனால் வெட்டும்போது ஒன்றை எதிர்பாருங்கள்: முழு அளவு முடிச்சு, உள்ளே யாரும் இல்லை, தின்ற தடமும் இல்லை. ரம்ப ஈயில் இது இயல்பு. முட்டை செத்துப்போன முடிச்சு அது. "காலி, ஆகவே புழு போய்விட்டது" என்று கணக்கில் சேர்த்தால் பிழைத்தவற்றின் விகிதம் தப்பாக வரும். எச்சம் இருக்கிறதா, உட்சுவர் கறண்டப்பட்டிருக்கிறதா, வெளித்துளை இருக்கிறதா என்று மூன்று பத்தியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

#10 தாம்பரம்_பூச்சிப்பெட்டி

கூரியர் விஷயம் சுருக்கமா: வேண்டாம். செடிப் பகுதியோ உயிருள்ள பூச்சியோ நாட்டுக்குள்ள வரணும்னா 2003 தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையின்படி முன்அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேணும். ஒரு செமினாருக்காக அந்த வழி தாங்காது. "சும்மா நாலு இலைதானே" என்று உறையில் போட்டு அனுப்பினாலும் அதே சட்டம்தான். காஷ்மீரில் கிரிக்கெட் மட்டைக்கு வில்லோ வளர்க்கிறாங்க என்பதையும் யோசிங்க.

படம் போதும். மாமாவிடம் முடிச்சை அங்கேயே வெட்டி, மில்லிமீட்டர் ஸ்கேல் வெச்சு, மேல், கீழ், வெட்டு முகம், புழுவின் பக்கவாட்டுன்னு நாலு படம் எடுக்கச் சொல்லுங்க. காசு வெச்சா அது எந்தக் காசுன்னு தேடவே நேரம் போயிடும்.

#11 அம்பத்தூர்_விலங்கியல்

ரொம்ப நன்றி சார், மேடம். கூரியரை விட்டுட்டேன். அப்போ சென்னையில் எதை எடுக்கலாம்? எங்க தெருவில் புங்க மரம் நிறைய. அதில் வர்ற முடிச்சும் ரம்ப ஈயா இருக்க வாய்ப்பிருக்கா?

#12 அடையாறு_கொப்புளம்

இல்லை தம்பி. முடிச்சு கட்டும் ரம்ப ஈக்கள் வடக்கு மிதவெப்ப, குளிர்ப் பகுதிகளின் கூட்டம். பெரும்பாலானவை வில்லோவை நம்பி வாழ்பவை. குளிர்காலத்தைக் கூட்டுக்குள் உறங்கிக் கழிப்பதும் அவற்றின் வாழ்க்கையோடு கட்டுண்டது. நமக்கு மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைக் கரையில் சாலிக்ஸ் டெட்ராஸ்பெர்மா, அதாவது ஆற்றுப்பாலை உண்டு. சென்னையில் அதுவும் இல்லை.

புங்க இலையில் விரல் நீட்டியது போல, சின்னப் பை போல எழும்பி நிற்பது ஏசெரியா பொங்காமியே என்ற ஈரியோஃபிட் சிலந்திப்பேனின் வேலை. மாசி, பங்குனியில் இலை கொட்டித் துளிர்க்கும்போது தொடங்கும். பையின் வாய் பெரும்பாலும் இலையின் அடிப்பக்கம். உள்ளே இருப்பது சுமார் 0.2 மி.மீ. நீளக் கதிர் வடிவ உயிர், இரண்டே ஜோடிக் கால். வெறும் கண்ணில் "உள்ளே ஒன்றுமில்லை" என்று தூக்கிப் போடுவார்கள். 40 மடங்கு உருப்பெருக்கம் கட்டாயம். அதே புங்கத்தில் பூமொட்டு உருண்டையாக வீங்கி, காய் பிடிக்காமல் நின்றால் அது வேறு ஆள், ஆஸ்ஃபோண்டிலியா பொங்காமியே என்ற முடிச்சு ஈ.

நாவல் இலையில் குழிமுடிச்சு என்றால் டிரையோசா ஜாம்போலனே என்ற சில்லிட் (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி). மா இலையில் 3, 4 மி.மீ. மரு போன்றது ப்ரோகான்டரினியா மாட்டியானா, முடிச்சு ஈ. அபார்ட்மென்ட் வாசலில் தொட்டியில் நிற்கும் ஃபைகஸ் பெஞ்சமினாவின் இலை இரண்டாக மடிந்து மூடியிருந்தால் உள்ளே கைனைகோத்ரிப்ஸ் இலைப்பேன். இலைப்பேன் முடிச்சுகளுக்கு வெளியூர் போய்த் தேட வேண்டியதில்லை, டி.என். அனந்தகிருஷ்ணன் இங்கேயே லயோலா கல்லூரிப் பூச்சியியல் ஆய்வு நிறுவனத்தில் விரிவாக வேலை செய்திருக்கிறார்.

கல்யாண முருங்கையில் தளிர், காம்பு எல்லாம் வீங்கிக் கோணியிருந்தால் க்வாட்ராஸ்டிக்கஸ் எரித்ரினே குளவி. 2004-இல்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள். அடுத்த சில வருடங்களில் ஹவாய் தீவு வரை பரவி மரங்களைக் கொன்றது. ரம்ப ஈயின் வரிசையான ஹைமனாப்டெராவில் வருவது இது ஒன்றுதான் என்பதால் ஒப்பிட இதையே எடுங்கள். வித்தியாசத்தையும் காட்டலாம்: ரம்ப ஈ முடிச்சில் பெரிய அறை ஒன்று, அதில் கால் உள்ள புழு ஒன்று. கல்யாண முருங்கை முடிச்சில் பல அறைகள், ஒவ்வொன்றிலும் கால் இல்லாத வெள்ளைப் புழு ஒவ்வொன்று.

கிண்டி தேசியப் பூங்காவுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஓர் இலைகூடப் பறிக்காதீர்கள். தெரு மரமும் கல்லூரி வளாகமும் போதும்.

#13 ரம்பப்பல்

முடிச்சைத் திறக்கும் முறை, எல்லா வகைக்கும் இதேதான்.

காலையில் 8 மணிக்குள் இலையைக் காம்போட பறிங்க. ஜிப் கவரில் லேசா ஈரமான டிஷ்யூ ஒண்ணு, அதுக்கு மேல் இலை. டிஷ்யூவைப் பிழிஞ்சா சொட்டக் கூடாது. சொட்டினால் மறுநாளே பூஞ்சணம். சித்திரை வெயிலில் பைக் பெட்டியில் அரை மணி வெச்சாலே உள்ள இருக்கிறது வெந்துடும், அதனால தெர்மாகோல் டப்பா, நியூஸ்பேப்பர் சுத்தின ஐஸ் பேக். ஃப்ரீசரில் வைக்காதீங்க, கரையும்போது திசு கூழாயிடும்.

வெட்ட புது பிளேடு. நடுவில் ஒரே வெட்டா வெட்டினா பத்தில் நாலு தடவை புழுவும் ரெண்டாகும். முடிச்சின் விளிம்பைச் சுத்தி 1 மி.மீ. ஆழத்துக்குக் கீறி, மூடியைத் திறக்கிற மாதிரி ஊசியால் நெம்புங்க. உடனே ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க, சின்ன முட்டையும் எச்சத் துகளும் அப்பதான் மிதந்து வரும். முதலில் படம், அப்புறம்தான் புழுவைத் தொடுறது.

புழுவை நேரா ஆல்கஹாலில் போட்டா ரெண்டு நாளில் கறுத்துடும். கொதி நிலைக்குக் கொஞ்சம் கீழ இருக்கிற தண்ணியில் அரை நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷம், பிறகு 70 அல்லது 80 சதவீத எத்தனால். உடல் நீண்டு நிக்கும், காலும் எண்ணலாம். டி.என்.ஏ. எடுக்கணும்னா இந்த வழி வேண்டாம், நேரா 95 சதவீதத்துக்கு மேல் எத்தனால், அதோட குளிர். எத்தனால் கிடைக்கலைன்னா மருந்துக்கடை 70 சதவீத ஐசோப்ரொப்பைல் உருவம் பார்க்க மட்டும் போதும்.

#14 அம்பத்தூர்_விலங்கியல்

பாரஃபின் வெட்டு (திசுவை மெழுகில் பதிச்சு மெல்லிசா சீவுறது) எடுக்கணும்னு கைடு சொல்றாங்க. லேபில் ரிப்பன் (ஒண்ணோடொண்ணு ஒட்டி வர்ற வெட்டு வரிசை) ஒண்ணும் வரலை, நொறுங்குது. என்ன செய்றது?

#15 மைக்ரோடோம்_மயிலாப்பூர்

நொறுங்கினால் மெழுகு உள்ளே போகவில்லை என்று பொருள். திசு அழுகாமல் காக்கும் முதல் கட்டமான நிலைநிறுத்தலிலிருந்தே பாருங்கள்.

எஃப்.ஏ.ஏ.: ஃபார்மலின் 5 மி.லி., கிளேஷியல் அசிட்டிக் அமிலம் 5 மி.லி., 70 சதவீத எத்தனால் 90 மி.லி. முடிச்சை முழுதாகப் போட்டால் உள்ளே காற்று நின்று மிதக்கும், நடுத்திசு அழுகும். இரு பக்கமும் சீவி, அறையைத் திறந்துவிட்டுப் போடுங்கள். பிறகும் மிதந்தால் 20 மி.லி. சிரிஞ்சில் துண்டையும் திரவத்தையும் எடுத்து, முனையை விரலால் அடைத்து பிஸ்டனைப் பின்னிழுங்கள். குமிழி வெளியேறித் துண்டு மூழ்கும். இரண்டு மூன்று முறை போதும். கையுறை போட்டுக்கொண்டு, ஃப்யூம் ஹூடில் செய்யுங்கள். திரவத்தில் 24 முதல் 48 மணி நேரம் இருக்கட்டும்.

நீரகற்ற எத்தனால், டெர்ஷியரி பியூட்டனால் வரிசை நல்லது, திசு கெட்டியாகாது. அதில் ஒரு சங்கடம்: சுத்தமான டெர்ஷியரி பியூட்டனால் சுமார் 25 டிகிரியில் உறையும். ஏ.சி. 22-இல் ஓடும் லேபில் இரவு விட்டுவைத்தால் காலையில் பாட்டில் கட்டியாக இருக்கும், உள்ளே இருக்கும் துண்டும் பாழ். கடைசி இரண்டு கட்டத்தை ஓவனின் மேலேயோ ஏ.சி. இல்லாத அறையிலோ வையுங்கள்.

மெழுகு 58-60 டிகிரி வகை. ஓவன் அதைவிட இரண்டு டிகிரி மேலே இருந்தால் போதும்; 70-க்கு ஏற்றினால் திசு சுருங்கிப் பொரிந்துவிடும். மூன்று முறை புது மெழுகு மாற்றுங்கள். பியூட்டனால் வாசனை கொஞ்சமாவது வந்தால் இன்னும் போகவில்லை. வெட்டு தடிமன் 10 மைக்ரான். ரிப்பன் ஒட்டிச் சுருங்கினால் அறைச் சூடுதான் காரணம். பிளாக்கின் முகத்தில் ஐஸ் கட்டியை ஐந்து நிமிடம் வைத்துத் துடைத்துவிட்டு வெட்டுங்கள். ரிப்பன் நீளவாக்கில் கிழிந்தால் பிளேடில் பல் விழுந்திருக்கிறது, பிளேடை நகர்த்துங்கள்.

சாயத்துக்கு டொலுயிடின் நீலம் 0.05 சதவீதம், பி.எச். 4.4 பென்சோயேட் பஃபரில். லிக்னின் சேர்ந்த சுவர் பச்சை கலந்த நீலமாகவும், பெக்டின் மிகுந்த மெல்லிய சுவர் இளஞ்சிவப்பு, ஊதாவாகவும் பிரியும். வில்லோ ரம்ப ஈ முடிச்சு பெரும்பகுதி மெல்லிய சுவர்ப் பாரன்கைமா. சைனிபிட் முடிச்சில் வருவது போல அடுக்கடுக்கான கெட்டி ஓடு கிடையாது. ஒப்பிடும் ஸ்லைடில் இதைச் சொல்லுங்கள்.

நேரம் இல்லை என்றால் பப்பாளிக் காம்பையோ கேரட்டையோ பிளந்து நடுவில் இலைத்துண்டைச் செருகிக் கையாலேயே வெட்டுங்கள். செமினார் ஸ்லைடுக்குக் கை வெட்டே பல நேரம் தெளிவாக வரும். ஒரே முடிச்சைப் பத்து முறை வெட்டுவதைவிட 2 மி.மீ., 5 மி.மீ., முழு அளவு என மூன்று வயதில் எடுப்பது பயன்.

#16 தாம்பரம்_பூச்சிப்பெட்டி

வளர்க்கிறதையும் சொல்லிடறேன். நிறைய பேர் சறுக்கும் இடம் இதுதான்: பெட்டியில் முடிச்சை வெச்சு, பத்து நாளில் வந்த குளவியைப் படம் எடுத்து, "இதுதான் முடிச்சு கட்டின பூச்சி"ன்னு போட்டுடறாங்க. வெளியே வந்ததெல்லாம் வீட்டுக்காரன் இல்லை.

வில்லோ ரம்ப ஈ முடிச்சிலேயே யூரிடோமா அசிகுலேட்டா, பிராக்கான் மாதிரி ஒட்டுண்ணிக் குளவிகள் வரும். ஆர்காரியஸ் சாலிசிவோரஸ் என்ற மூக்குவண்டு முடிச்சுக்குள் தன் முட்டையை இட்டு, ரம்ப ஈயை இல்லாம பண்ணிட்டு அந்தத் திசுவைத் தின்னும். கருப்பா, இடுப்பு ஒடுங்கிய குளவி வந்தா அது ரம்ப ஈ இல்லைன்னு அங்கேயே தெரியும், ரம்ப ஈக்கு அந்த ஒடுங்கல் கிடையாது. மார்பும் வயிறும் ஒரே அகலத்தில் ஒட்டியிருக்கும். ப்ராக்ஸிமா பெண் 4, 5 மி.மீ. இருக்கும். ஆண் மிக அபூர்வம், பெண்கள் சேர்க்கை இல்லாமலே பெண்களைப் பெறும். அதனால "ஆண் ஏன் கிடைக்கலை"ன்னு கவலைப்படவும் வேணாம்.

கல்யாண முருங்கைக்கு: ஒவ்வொரு முடிச்சுக்கும் தனிக் குப்பி, இல்லைன்னா எது எதிலிருந்து வந்ததுன்னு தெரியாது. மூடியில் கொசுவலை போதாது; 1.5 மி.மீ. குளவி கண்ணியில் நுழைஞ்சு போயிடும். நெருக்கமா நெய்த மெல்லிய வாயில் (voile) துணி கட்டுங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில் குப்பிச் சுவரில் நீர் கோத்தா தினம் துடைக்கணும். கோடையில் ஏ.சி. அறையில் வெச்சா முடிச்சு சுருங்கி உள்ளேயே செத்துடும், காம்பு முனையில் ஈரப்பஞ்சு சுத்துங்க.

முடிச்சு ஈயா இருந்தா வெளித்துளையில் கூட்டுப்புழுத் தோல் பாதி வெளியே நீட்டி நிக்கிறது பல இனங்களில் இருக்கு. அது கிடைச்சா படம் எடுத்துடுங்க, சாட்சியே அதுதான்.

இங்கிலாந்தில் ப்ராக்ஸிமா வளர்க்கிறவங்களுக்கு (மாமா ஆர்வமா இருந்தா): தொட்டியில் 5 செ.மீ. ஈர மண், மேல சருகு, குளிர்காலம் முழுக்க வெளியிலேயே. வீட்டுக்குள் கதகதப்பில் வெச்சா உறக்கம் கலையாம கூட்டிலேயே காய்ஞ்சுடும். வருஷத்துக்கு ரெண்டு தலைமுறை, மே-ஜூனில் ஒண்ணு, ஜூலை-ஆகஸ்ட்டில் ஒண்ணு. இரண்டாவதின் புழுக்கள்தான் குளிர்காலத்தைக் கூட்டில் கழிக்கும்.

#17 இலைமுடிச்சு_ஏடு

கேள்வி நேரத்துக்கு ஒன்று. "இந்த முடிச்சால் மரத்துக்கு என்ன கேடு?" என்பார்கள். ப்ராக்ஸிமாவால் சொல்லிக்கொள்ளும் கேடு இல்லை, மருந்தடிக்க வேண்டியதும் இல்லை. வில்லோவுக்கு உண்மையில் தொல்லை கொடுத்த ரம்ப ஈ நெமாட்டஸ் ஒலிகோஸ்பைலஸ். முடிச்சு கட்டாமல் இலையைத் திறந்தவெளியில் மொட்டையடிப்பது. 1997-இல் நியூசிலாந்தில் நுழைந்து ஆற்றங்கரை வில்லோக்களைப் பாழாக்கியது. இரண்டையும் ஒரே ஸ்லைடில் கலந்துவிட வேண்டாம்.

"பலவீனமான மரத்தில்தானே பூச்சி வரும்?" என்றும் ஒருவர் கேட்பார். அரிசோனாவின் ஃப்ளாக்ஸ்டாஃப் பக்கம் யூரா லாசியோலெபிஸ் என்ற தண்டுமுடிச்சு இனத்தை பீட்டர் பிரைஸ் குழு பல வருடம் பார்த்தது. பெண் பூச்சி தேர்ந்தெடுத்தது நீளமாக, வேகமாக வளரும் செழித்த கிளைகளை. புழு நன்றாகப் பிழைத்ததும் அங்கேதான். 1991-இல் அவர் வைத்த "தாவர வீரிய" கருதுகோளுக்கு அடிப்படை இதுவே. மாமாவிடமும் சொல்லுங்கள், வெட்டிவிட்ட மரத்தில் புதிதாகச் சீறி வளர்ந்த போத்துகளை முதலில் தேடட்டும்.

#18 அம்பத்தூர்_விலங்கியல்

கடைசியா ஒண்ணு சார். கல்யாண முருங்கைக் குப்பிக்கு லேபிள்ல என்னென்ன போடணும்?

#19 தாம்பரம்_பூச்சிப்பெட்டி

மரத்தின் பெயர், முடிச்சு இருந்த பகுதி (தளிரா, காம்பா, நரம்பா), இடம் தெருவரைக்கும், தேதி, பறித்தவர் பெயர். அடுத்த வரியில் பூச்சி வெளிவந்த தேதி, அதைப் பிறகு எழுத இடம் விட்டுவைங்க. பூச்சியின் பெயரை முன்கூட்டியே எழுதாதீங்க. தடித்த பாண்ட் பேப்பரில் பென்சிலால் எழுதி குப்பிக்கு உள்ளேயே போடுங்க. பால்பாயின்ட் மை ஆல்கஹாலில் கரையும், வெளியே ஒட்டின ஸ்டிக்கர் ஒரு மழைக்காலம்கூட நிக்காது.